பீரோவில் தூங்கும் கிரெடிட் கார்டு: மூடுவதா, வைத்திருப்பதா? சீசன் வருமானக்காரர்களின் கணக்கு வேறு

தீபாவளி முடிந்து பத்துப் பதினைந்து நாளில் சிவகாசியில் கணக்குப் பார்க்கும் காலம் தொடங்கிவிடும். வெளிமாநில வியாபாரிகளிடமிருந்து வர வேண்டிய பாக்கி, அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய லேபிள் பணம், லாரி வாடகை, ஆட்களுக்குக் கொடுத்த போனஸ் என்று எல்லாம் நோட்டில் ஏறும். எந்த நோட்டிலும் ஏறாத ஒன்று பெரும்பாலான வீடுகளில் உண்டு. பர்ஸின் உள்ளறையிலோ, பீரோவில் ரேஷன் கார்டு வைத்த கவரிலோ இரண்டு மூன்று கிரெடிட் கார்டுகள் கிடக்கும். ஒன்று பெட்ரோல் பங்க் வாசலில் குடை போட்டு உட்கார்ந்திருந்த பையனிடம் வாங்கியது. இன்னொன்று செல்போன் வாங்கும்போது தள்ளுபடிக்காக எடுத்தது. மூன்றாவதை "சும்மா வச்சிருங்க அண்ணாச்சி, லைஃப்டைம் ஃப்ரீ" என்று சொல்லி வங்கியில் தலையில் கட்டியது.

இவற்றை மூடிவிடலாமா என்று கேட்டால் இணையத்தில் கிடைக்கும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "மூடாதீர்கள், சிபில் ஸ்கோர் இறங்கிவிடும்." இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இது மாதம் 1ஆம் தேதி சம்பளம் வாங்குகிறவருக்காகச் சொல்லப்பட்ட பதில். ஆடியில் சரக்கு எடுத்து, ஐப்பசியில் விற்று, கார்த்திகை, மார்கழியில் பணம் பார்க்கிற ஊருக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே கேள்வி மூடுவதா வேண்டாமா என்பதோடு நிற்பதில்லை. எந்தக் கார்டை, எந்த மாதத்தில் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

லிமிட்டும் மதிப்பெண்ணும்

முதலில் அந்தப் பாதி உண்மை. இந்தியாவில் தனிநபர்களின் கடன் வரலாற்றைத் திரட்டி வைக்கும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிபில்தான் மூத்தது. அதனால்தான் எந்த நிறுவனம் கொடுத்த மதிப்பெண்ணையும் ஊரில் 'சிபில்' என்றே சொல்கிறார்கள். மதிப்பெண் 300இல் தொடங்கி 900 வரை போகும். தவணையை ஒழுங்காகக் கட்டினாரா என்பதுதான் அதில் முதன்மையானது. அதற்கு அடுத்தபடியாக, கொடுத்த லிமிட்டில் எவ்வளவு பங்கைப் பயன்படுத்துகிறார், கடன் கணக்குகள் எவ்வளவு காலமாக நடக்கின்றன, அண்மையில் எத்தனை இடத்தில் புதுக் கடன் கேட்டார் என்பவை பார்க்கப்படும்.

கார்டை மூடினால் அடி விழுவது இரண்டாவது விஷயத்தில். எல்லாக் கார்டுகளின் லிமிட்டையும் கூட்டி, அதில் எத்தனை சதவீதம் செலவழித்திருக்கிறார் என்று பார்க்கிறார்கள். 30 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவுகோல். அது சட்டம் அல்ல, அனுபவக் கணக்கு.

ஒரு கணக்குக்காகப் பட்டாசுக் கடை நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவரிடம் இரண்டு கார்டுகள். பழைய கார்டின் லிமிட் ரூ.1 லட்சம், ஆண்டுக் கட்டணம் இல்லை. இரண்டாவதின் லிமிட் ரூ.2 லட்சம், ஆண்டுக் கட்டணம் ரூ.1,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அதை அவர் தொடுவதே இல்லை. ஆவணி மாதம் பேக்கிங், லாரி வாடகை, சில்லறைச் செலவு என்று பழைய கார்டில் ரூ.90,000 ஏறுகிறது. மொத்த லிமிட் 3 லட்சம் என்பதால் பயன்பாடு 30 சதவீதம். "இந்தக் கார்டு எதுக்கு, ரூ.1,180 தண்டம்" என்று அதே ஆவணியில் இரண்டாவது கார்டை மூடினால் கணக்கு ஒரே நாளில் 90 சதவீதமாகிவிடும். கடன் வாங்கித்தான் பிழைப்பு ஓடுகிறது என்று அந்த எண் சொல்லும். சீசனுக்கு நடைமுறை மூலதனக் கடன் கேட்டு அவர் வங்கியில் மனுப் போடுவதும் அநேகமாக அதே நேரத்தில்தான்.

அதே மனிதர் அதே கார்டைத் தை மாதம் மூடினால்? அப்போது பழைய கார்டில் இருப்பது வீட்டுச் செலவு ரூ.10,000 மட்டும். பயன்பாடு 3 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக ஏறும். யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மூடிய கார்டு ஒன்றுதான், மிச்சமான கட்டணமும் ஒன்றுதான். மாதம் மட்டும்தான் வேறு.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. கடன் தகவல் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் போவது ஸ்டேட்மென்ட் தேதியில் கார்டில் இருக்கும் நிலுவைதான். கடைசித் தேதிக்குள் முழுப் பணத்தையும் கட்டுகிறவருக்கும் ஸ்டேட்மென்ட் அன்று ரூ.90,000 இருந்தால் அந்த 90,000தான் பதிவாகும். கையில் பணம் இருந்தால் ஸ்டேட்மென்ட் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிடுவது சீசன்காரர்களுக்கு நல்ல பழக்கம். ஒரே வங்கியின் இரண்டு கார்டுகள் என்றால் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பல வங்கிகள் இரண்டு கார்டுக்கும் சேர்த்து ஒரே லிமிட்தான் தருகின்றன. அப்படியானால் ஒன்றை மூடுவதால் மொத்த லிமிட் குறையாது, பயமும் தேவையில்லை.

'பழைய கார்டை மூடினால் வரலாறு அழிந்துவிடும்' என்பது மிகைப்படுத்தப்பட்ட பயம். கணக்கு மூடப்பட்டாலும் அதில் ஒழுங்காகக் கட்டிய விவரம் அறிக்கையில் மூடிய தேதியோடு நிற்கும். கடன் தகவல்களைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனாலும், ஒருவரிடம் இருப்பதிலேயே பழைய கார்டு கட்டணம் இல்லாததாக இருந்தால் அதை விட்டுவைப்பதுதான் புத்திசாலித்தனம். சும்மா கிடப்பதால் செலவில்லை, இருப்பதால் வயசு கூடுகிறது.

வெட்டிப் போட்டால் மூடியதாகாது

"அதெல்லாம் எப்பவோ கத்திரிக்கோலால வெட்டிக் குப்பையில போட்டாச்சு." விருதுநகர் பக்கம் இப்படிச் சொல்லாத ஆளில்லை. வெட்டப்பட்டது பிளாஸ்டிக் மட்டும்தான். கணக்கு வங்கியில் உயிரோடு இருக்கிறது. கார்டின் மேல் அச்சிட்ட காலாவதித் தேதி முடிந்தாலும் அப்படியே. வங்கி புதுக் கார்டை அனுப்பும். அது பழைய முகவரிக்குப் போய்த் திரும்பும், ஆண்டுக் கட்டணம் மட்டும் தவறாமல் ஏறும்.

வங்கியே மாறினாலும் கணக்கு சாவதில்லை. சிட்டி வங்கியின் இந்திய சில்லறை வணிகத்தை 2023 மார்ச் 1இல் ஆக்சிஸ் வங்கி எடுத்துக்கொண்டது. சென்னையிலோ பெங்களூருவிலோ சில வருடம் ஐடி வேலை பார்த்து, அப்பாவின் அச்சகத்தைக் கவனிக்க ஊர் திரும்பிய எத்தனையோ பேர் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் எடுத்த கார்டின் பெயர்ப்பலகை மாறிவிட்டதால் கார்டும் போய்விட்டது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வாடிக்கையாளர்கள் கணக்கோடு சேர்த்தே கைமாறினார்கள்.

மறந்துபோன கார்டு எப்படிக் கடிக்கும் என்பதைப் பார்க்க வேண்டும். ரூ.500 ஆண்டுக் கட்டணம் ஜிஎஸ்டியோடு ரூ.590. தகவல் போவது மாற்றிவிட்ட பழைய செல் நம்பருக்கு. யாரும் கட்டவில்லை. தாமதக் கட்டணம், அதற்கும் ஜிஎஸ்டி என்று பாக்கி ஏறும். கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது என்பது சிறு ஆறுதல். ஆனால் பணத்தைவிடப் பெரிய சேதம் அறிக்கையில் நடக்கிறது. கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் கட்டாமல் இருந்தால் அந்தக் கணக்கைத் 'தவறியது' என்று கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கலாம். 590 ரூபாய்க்குத் தவறியவருக்கும் 59,000 ரூபாய்க்குத் தவறியவருக்கும் தவணை வரிசையில் விழும் கறுப்புப் புள்ளி ஒன்றுதான். இரண்டு வருடம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போய் உட்காரும்போதுதான் அது தெரியவரும். மேலாளர் திரையைத் திருப்பிக் காட்டுவார்.

பயன்படுத்தாத கார்டை மூடச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். கவனிக்க ஆளில்லாத கணக்கு மதிப்பெண்ணைக் காப்பாற்றுவதில்லை. அதைக் கெடுக்கக் காத்திருக்கிறது.

வங்கி என்ன செய்ய வேண்டும்

இந்த இடத்தில் சட்டம் வாடிக்கையாளர் பக்கம்தான் நிற்கிறது, ஆனால் அது பலருக்கும் தெரியாது. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21இல் வெளியிட்டு, அதே ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கார்டு வழிகாட்டு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. மூடச் சொல்லி வாடிக்கையாளர் கேட்டால், பாக்கி எதுவும் இல்லாத நிலையில், ஏழு வேலை நாளுக்குள் கணக்கை மூட வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.500 வீதம் வங்கிதான் வாடிக்கையாளருக்கு அபராதம் தர வேண்டும். மூடியதை உடனே எஸ்எம்எஸ், மின்னஞ்சல் மூலம் தெரிவிக்க வேண்டும். ஹெல்ப்லைன், தனி மின்னஞ்சல் முகவரி, இணையதளத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒரு இணைப்பு, நெட் பேங்கிங், செல்போன் செயலி என்று பல வழிகளைத் திறந்து வைக்க வேண்டும். "தபால்ல எழுதி அனுப்புங்க" என்று இழுத்தடிக்கக் கூடாது. கார்டில் வாடிக்கையாளரின் பணம் மீதி இருந்தால் அதை அவருடைய வங்கிக் கணக்குக்கு மாற்றித் தர வேண்டும்.

ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டு என்றால் வங்கியே முன்வந்து தகவல் சொல்லிவிட்டு மூடும் வேலையைத் தொடங்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால், பாக்கி இல்லாத பட்சத்தில், மூடிவிட வேண்டும். அந்தத் தகவலை 30 நாளுக்குள் கடன் தகவல் நிறுவனங்களுக்கும் சொல்ல வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த விதிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. "கார்டு பத்திரமா இருக்கு, அவசரத்துக்கு ஆகும்" என்று பீரோவில் வைத்திருக்கிறவர், அந்த அவசரம் வரும் நாளில் அது மூடப்பட்டிருப்பதைக் கண்டுபிடிப்பார். தகவல் பழைய நம்பருக்குப் போயிருக்கும். வைத்துக்கொள்வது என்று முடிவு செய்த கார்டை வருடத்தில் இரண்டு மூன்று முறையாவது தொட வேண்டும். ஒரு செல்போன் ரீசார்ஜ், ஒரு பெட்ரோல் பில் போதும். 2022 செப்டம்பரில் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைக்கும் வசதி வந்துவிட்டதால் பலசரக்குக் கடை க்யூஆர் அட்டையிலேயே இந்த வேலை முடிந்துவிடும்.

கேட்காமலேயே வந்து விழுந்த கார்டுகள் இன்னொரு ரகம். இது புதிய வித்தை அல்ல. 1958இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃபிரெஸ்னோ என்ற ஊரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா சுமார் 60,000 பேருக்கு, கேட்காமலேயே, கார்டுகளைத் தபாலில் போட்டுத்தான் இந்தத் தொழிலையே பெரிதாக்கியது. பின்னாளில் 'விசா' ஆனது அந்தக் கார்டுதான். கேட்காத கார்டை அனுப்புவதை 1970இல் அமெரிக்கா தடை செய்தது. இந்தியாவில் இப்போதைய விதிப்படி, கேட்காத கார்டைக் கொடுத்துக் கட்டணம் போட்டால் அதைத் திருப்பித் தருவதோடு, அதைப்போல் இரு மடங்கு அபராதமும் வங்கி தர வேண்டும். வழங்கி 30 நாளுக்கு மேல் செயல்படுத்தப்படாத கார்டுக்கு ஓடிபி மூலம் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதம் வராவிட்டால் செலவில்லாமல் மூட வேண்டும். ஆகவே, அந்த மாதிரிக் கார்டு வந்தால் ஆர்வத்தில் பின் நம்பர் போட்டுப் பார்க்காமல் இருப்பதே நல்லது.

நூற்றுக்கு மூணரை வட்டி

மூடச் சொல்வதற்கு இரண்டாவது காரணம் சபலம். வங்கி விளம்பரத்தில் 'ஆண்டுக்கு 42 சதவீதம்' என்று சின்ன எழுத்தில் போட்டால் யாருக்கும் உறைக்காது. அதையே நம் ஊர்க் கணக்கில் சொன்னால் நூற்றுக்கு மூணரை ரூபாய் வட்டி. லட்ச ரூபாய்க்கு மாதம் 3,500. சந்தையில் ஒருவர் மூணரை வட்டிக்குப் பணம் வாங்கினார் என்றால் "ஏன்யா, அப்படி என்ன தலைபோற அவசரம்?" என்று கேட்கும் ஊர் இது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டலை எல்லாம் தடுக்க 2003இல் தனிச் சட்டமே போட்ட மாநிலம். கார்டு வட்டிக்கு அப்படி ஓர் உச்சவரம்பு இல்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னதை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

முழுப் பணத்தையும் கெடுவுக்குள் கட்டுகிறவருக்கு இந்த வட்டி இல்லை என்பது உண்மை. ஆனால் சீசன் வருமானத்தில் முழுப் பணத்தையும் ஒவ்வொரு மாதமும் கட்டுவது எளிதா? பாக்கி வராமல் ஒரு மாதம் 'மினிமம்' மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஓடத் தொடங்கும். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் போய்விடும்.

இந்த ஊருக்கு இது வெறும் ஊகம் இல்லை. நாட்டின் பட்டாசில் சுமார் 90 சதவீதம் இந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது என்பது அனைவரும் அறிந்தது. 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி என்று தீர்ப்பளித்தபோது, தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. 2020இல் ராஜஸ்தான், ஒடிசா, டெல்லி என்று மாநிலங்கள் வரிசையாகத் தடை போட்டன. அனுப்பிய சரக்குக்குப் பணம் எப்போது வரும் என்று தெரியாமல் பலர் தவித்தார்கள். இப்படிப்பட்ட வருடத்தில் கையில் நாலு கார்டு இருந்தால் நாலிலும் தேய்க்கத் தோன்றும். ஒன்றில் எடுத்து இன்னொன்றைக் கட்டத் தோன்றும். ஒரே கார்டு இருந்தால் ஓரிடத்தில் சுவர் இடிக்கும். நின்றுதான் யோசிக்க வேண்டும்.

பணம் கையில் புரள்கிறவருக்கு நாலு கார்டு வசதி. பணம் தேதி தவறி வருகிறவருக்கு அதே நாலு கார்டு நாலு ஓட்டை.

ஆலையில் கூலிக்கு மருந்து செலுத்தும் தொழிலாளிக்கு இந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது. அவருக்குக் கார்டு கிடைப்பது அரிது. அவருடைய பாரம் மகளிர் குழுக் கடனும் நகைக் கடனும். அவையும் இதே கடன் தகவல் நிறுவனங்களில்தான் பதிவாகின்றன என்பதை மட்டும் அந்த வீடுகளில் தெரிந்துகொள்ள வேண்டும். கார்டுச் சிக்கல் போர்மேன், கணக்கர், அச்சகத்தில் டிசைனர், ஏஜென்ட், சிறுகடைக்காரர் என்ற நடுத்தட்டில்தான் அதிகம்.

'செட்டில்' என்று சொன்னால் உஷார்

பாக்கி உள்ள கார்டை மூட நினைக்கிறவர்களிடம் வசூல் ஏஜென்ட் ஓர் இனிப்பான யோசனை சொல்வார். "அறுபதாயிரம் நிக்குது. முப்பது கட்டிருங்க, செட்டில் பண்ணி விட்டுர்றோம்." பாதிக்குப் பாதி தள்ளுபடி என்றால் எந்த வியாபாரிக்கும் கை நீளும். ஆனால் அறிக்கையில் அந்தக் கணக்கு 'மூடப்பட்டது' என்று வராது, 'செட்டில் செய்யப்பட்டது' என்று வரும். வங்கிகளின் மொழியில் அதற்குப் பொருள், கொடுத்த கடன் முழுதாகத் திரும்பவில்லை என்பது. பின்னால் வீட்டுக் கடன், வாகனக் கடன் கேட்கும்போது அந்த ஒரு சொல்லே கதவை அடைத்துவிடும்.

வேறு வழியே இல்லாதவர்களுக்கு அதுவும் ஒரு வழிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நகையை அடகு வைத்தாவது முழுதாகக் கட்டக்கூடியவர் இந்தத் தள்ளுபடிக்கு ஆசைப்படுவது நஷ்டம். வங்கி நகைக் கடன் வட்டி, கார்டு வட்டியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஏற்கெனவே செட்டில் செய்தவர்கள், மீதியைக் கட்டிவிட்டு 'மூடப்பட்டது' என்று மாற்றித் தர முடியுமா என வங்கியிடம் எழுதிக் கேட்கலாம்.

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் காசு என்றும் பொருள், சொன்ன சொல் தவறாமை என்றும் பொருள். வணிகர்கள் மகமை போட்டுப் பள்ளிக்கூடம் நடத்திய விருதுநகரில் ஒருவரின் நாணயம் எதிர்க்கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. "இந்த வருசம் மழை இல்ல, அடுத்த வருசம் கொடுத்துருவார்" என்று அவர் காரணம் சேர்த்துச் சொல்வார். இன்று அது மும்பையில் ஒரு கணினியில் மூன்று இலக்க எண்ணாக இருக்கிறது. அந்தக் கணினிக்கு ஆலை ஏன் மூடியிருந்தது என்று தெரியாது.

எதை வைப்பது, எதை விடுவது

எல்லாவற்றையும் மூடிவிடச் சொல்வதும் சரியல்ல. வேலையில்லாத மாதத்தில், இரவு பதினொரு மணிக்கு மதுரையில் ஒரு மருத்துவமனையில் முன்பணம் கேட்கும்போது, கார்டில் இருக்கும் லிமிட் பெரிய துணை. அடுத்த நாள் நகையை வைத்து அடைத்துவிடலாம். பட்டாசு வட்டாரத்தில் அப்படிப்பட்ட இரவுகள் வருவதுண்டு என்பதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

ஆகவே கட்டணமில்லாத, பழைய கார்டு ஒன்று. வேண்டுமானால் வியாபாரச் செலவைத் தனியாகப் பிரித்து வைக்க இன்னொன்று. அதற்கு மேல் இருப்பவை, அதிலும் குறிப்பாக ஆண்டுக் கட்டணம் உள்ளவை, போகலாம். "வருடத்தில் இவ்வளவு செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி" என்பதற்காக வைத்திருப்பது வீண். ரூ.590ஐ மிச்சம் பிடிக்க ரூ.50,000க்குத் தேவையில்லாத சாமான் வாங்குவது எந்த ஊர்க் கணக்கிலும் லாபம் ஆகாது.

சம்பளச் சீட்டு இல்லாததால் வைப்புத்தொகையை ஈடு வைத்துக் கார்டு எடுத்த கடைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்டை மூடினால் மட்டும் போதாது. அந்த வைப்புத்தொகை மேலிருக்கும் பிடிப்பு நீக்கப்பட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். கார்டு போன பிறகும் வைப்புத்தொகை கட்டிப்போட்டபடியே கிடந்தால் அவசரத்துக்கு எடுக்க முடியாது.

அடுத்த ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் வீட்டுக் கடனோ பெரிய தொழில் கடனோ கேட்கப்போகிறவர், கையை ஆட்டாமல் இருப்பதே உத்தமம். கடன் கைக்கு வந்தபின் மூடிக்கொள்ளலாம். இதற்கு ஒரே விலக்கு, கட்டணம் ஏறப்போகும் கார்டு. அதன் கட்டண மாதம் எது என்று பழைய ஸ்டேட்மென்டில் பார்த்து அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

மூடும் மாதம்

பட்டாசு, அச்சு, தீப்பெட்டி என்று எந்தத் தொழிலாக இருந்தாலும் இந்த வட்டாரத்தில் ஆடிப்பெருக்கு பூஜை போட்டுப் புது விற்பனை தொடங்கியதிலிருந்து தீபாவளி வரை கார்டு விஷயத்தில் எதையும் கலைக்காமல் இருப்பது நல்லது. பாக்கியெல்லாம் வசூலாகி, கார்டு நிலுவை இறங்கிய பிறகு வரும் தை, மாசிதான் மூடுவதற்குத் தோதான காலம்.

மூடச் சொல்லும் முன் மூன்று வேலைகள் இருக்கின்றன. சேர்ந்திருக்கும் ரிவார்டு பாயின்டுகளை எடுத்துவிட வேண்டும், மூடினால் போய்விடும். அந்தக் கார்டில் மாதாமாதம் தானாகக் கழியும் காப்பீட்டு பிரீமியம், செல்போன் பில் போன்றவற்றை வேறு கணக்குக்கு மாற்ற வேண்டும். கார்டை மூடிய மாதத்தில் பிரீமியம் கட்டாமல் பாலிசி காலாவதியானால், மிச்சம் பிடித்த கட்டணம் எந்த மூலைக்கு? இஎம்ஐ ஓடிக்கொண்டிருந்தால் அதை முன்கூட்டியே கட்டி முடிக்க வேண்டும். 'வட்டியில்லா இஎம்ஐ' என்று வாங்கிய பொருளுக்கும் இதே கதைதான். மனைவிக்கோ மகனுக்கோ எடுத்துக் கொடுத்த துணைக் கார்டு இருந்தால் அதுவும் சேர்ந்தே நின்றுவிடும், வீட்டில் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மூடக் கேட்டதும் அந்தப் பக்கத்திலிருந்து குரல் மாறும். "சார், உங்களுக்காக ஃபீஸ் தள்ளுபடி பண்றோம், லிமிட் கூட்டித் தர்றோம்." கட்டணத்தை நிரந்தரமாக நீக்கி, எழுத்தில் தந்தால் யோசிக்கலாம். "இந்த வருசம் மட்டும்" என்றால் அடுத்த வருடமும் இதே தொலைபேசி உரையாடல்தான். சம்மதம் இல்லாமல் லிமிட்டைக் கூட்டுவதற்கும் விதியில் இடமில்லை. தொலைபேசியில் பேசினாலும் கூடவே ஒரு மின்னஞ்சலும் போட்டுவிடுவது நல்லது. ஏழு வேலை நாள் கணக்கும் ரூ.500 கணக்கும் அந்தத் தேதியிலிருந்துதான் நிரூபிக்கப்படும்.

'மூடப்பட்டது, பாக்கி இல்லை' என்ற பதில் வந்தபிறகு அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். ஒன்றரை, இரண்டு மாதம் கழித்து கடன் அறிக்கையை எடுத்துப் பார்க்கலாம். நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், 2017 முதல் இது நடைமுறை. அதில் கணக்கு இன்னும் திறந்தே இருப்பதாகக் காட்டினால் வங்கியிடமும் அந்த நிறுவனத்திடமும் எழுதிப் புகார் செய்யலாம். 30 நாளில் திருத்தாவிட்டால் நாளுக்கு ரூ.100 இழப்பீடு என்பது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி. வங்கியே பதில் சொல்லாமல் 30 நாள் போனால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14448. விவரம் கேட்கத் தமிழும் அதில் உண்டு. முறையிடும்போது வங்கிக்கு அனுப்பிய முதல் மின்னஞ்சலின் நகலும் தேதியும் கையில் இருக்க வேண்டும்.